நாலாவது லைன் எழுந்து உட்கார்ந்த கதை

என் தம்பி பெண்டாட்டி ஒரு பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியை. பதினோரு வருடமாகத் தற்காலிக ஆசிரியை. நிரந்தரமாக்க முதுகலைப் பட்டம் வேண்டும் என்று விதி வந்ததும், நாற்பது வயதில், விளையாட்டு மற்றும் உடற்பயிற்சி அறிவியல் படிக்கச் சேர்ந்தாள். தேர்வுகளை எல்லாம் எழுதித் தேறிவிட்டாள். ஆய்வேடு மட்டும் பாக்கி. முதலில் எடுத்த தலைப்பு, மூத்த மகனுக்குக் கால் முறிந்த வருடத்தில் பாதியில் நின்றுபோனது. பல்கலைக்கழகம் ஒரு வருடம் கூடுதலாகக் கொடுத்தது. அதற்கு மேல் ஒருநாளும் கிடையாது என்று கடிதத்திலேயே எழுதியிருந்தார்கள். அந்தக் கடிதத்தை அவள் சமையலறை அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டி வைத்திருந்தாள். மாடியில் குடியிருக்கும் நான் எதற்காவது கீழே வந்து அந்தக் கதவைத் திறந்தால் உடனே மூடிவிடுவேன்.

இரண்டாவது தலைப்பு என் புலம்பலில் இருந்து வந்தது. நான் ஒரு தையல் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். தையல் மெஷின் வரிசையை லைன் என்போம்; மூன்றாவது லைனும் நாலாவது லைனும் என் பொறுப்பு. நாள் முழுக்க உட்கார்ந்து தைக்கும் பெண்கள் எழுந்திருக்கும்போது மெஷினைப் பிடித்துக்கொண்டுதான் எழுகிறார்கள், முப்பத்தைந்து வயதுக்குள் முழங்கால் போய்விடுகிறது என்று ஒருநாள் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் பாத்திரம் தேய்ப்பதை நிறுத்திவிட்டு, "ஒரு லைனுக்கு எத்தனை பேரு அண்ணி?" என்று கேட்டாள்.

லைனுக்குப் பன்னிரண்டு பேர். மூன்றாவது லைனுக்கு வாரம் மூன்று நாள், வேலை முடிந்ததும் அரைமணி நேரம் கால் பயிற்சி. நாலாவது லைன் எப்போதும்போல இருந்தால் போதும். பத்து வாரம் கழித்து இரண்டு லைனையும் ஒப்பிட்டுப் பார்ப்பது. இதுதான் ஆய்வு. சோதனையும் எளிதுதான். கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுவாள். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, முப்பது விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுவாள். பாதி எழுந்தால் கணக்கில் சேராது. முதல் நாள் இரண்டு லைனும் சராசரியாகப் பன்னிரண்டு. எங்கள் பெண்கள் அவளுக்கு அன்றைக்கே 'விசில் டீச்சர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

இனி வருவது என் திருவிளையாடல். எனக்கு ஆராய்ச்சி தெரியாது, டார்கெட் தெரியும். ஒரு லைன் முந்தி இன்னொரு லைன் பின்தங்கினால் மேனேஜர் என்னைத்தான் கூப்பிட்டுக் கேட்பார். இருபது வருடமாக, பின்தங்கும் லைனை இழுத்துப் பிடிப்பதுதான் என் பிழைப்பு. நாலாவது வாரம் முடியும்போதே மூன்றாவது லைன் சிட்டாகப் படியேறியது. நாலாவது லைன் பழையபடி ஊர்ந்தது. கடைசிச் சோதனையைப் பார்க்க வழிகாட்டிப் பேராசிரியர் நேரில் வருகிறார் என்று இவள் சொல்லியிருந்தாள். அந்த அம்மா முன்னால் பாதிப் பேர் மூச்சு வாங்கினால் நம் வீட்டுப் பெண்ணுக்குத்தானே தலைகுனிவு என்று நினைத்தேன்.

மறுநாளே மதிய இடைவேளையில் நாலாவது லைனைக் கூட்டினேன். ஆளுக்கு ஒரு ஸ்டூல். முப்பது விநாடி எழுந்து உட்கார வேண்டும், தினமும் மூன்று தடவை. "டீச்சர்கிட்ட மூச்சு விடக்கூடாது" என்று எச்சரித்தும் வைத்தேன். அவர்களுக்கும் அதுவரை, மூன்றாவது லைனை மட்டும் கவனிக்கிறார்களே என்ற குறை இருந்தது. நான் சொன்னதற்கு மேலேயே செய்தார்கள்.

கடைசிச் சோதனையில் மூன்றாவது லைன் சராசரி பதினைந்து. நாலாவது லைன் பதினாறு. நான் பெருமையோடு பேராசிரியரின் முகத்தைப் பார்த்தேன். அவர் இவளைப் பார்த்தார். இவள் கையில் இருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் பங்குக்கு எல்லோருக்கும் குளிர்பானம் வாங்கிக் கொடுத்தேன்.

அன்றிலிருந்து அவள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. தொழிற்சாலைக்கு வந்து நாற்காலியின் உயரத்தை இஞ்ச் டேப் வைத்து மூன்று முறை அளந்தாள். ஸ்டாப்வாட்சைச் சுவர்க் கடிகாரத்தோடு ஒப்பிட்டாள். "நாற்காலிக்கு அடியில ஸ்பிரிங் இருக்கான்னு பாத்தியா?" என்று தம்பி கிண்டல் செய்ததற்கு அவள் சிரிக்கவில்லை. சமர்ப்பிக்க ஐந்து வாரம்தான் இருந்தது. எங்கேயோ கோளாறு என்று எனக்குப் புரிந்ததே அப்போதுதான். புரிந்த பிறகும் ஒன்பது நாள் வாயைத் திறக்கவில்லை. பயம்தான், வேறென்ன.

பத்தாம் நாள் காலை, சாப்பாட்டு மேசையில் இருபத்துநாலு படிவங்களையும் பரப்பி வைத்துக்கொண்டு அவள் சொன்னாள்: "நான் தப்பா எண்ணிட்டேன்னுதான் எழுதணும் போலிருக்கு அண்ணி. வேற காரணம் தெரியல."

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. "நாலாவது லைனும் பயிற்சி செஞ்சாங்க. நான்தான் செய்யச் சொன்னேன்."

அவள் பேனாவை மூடி வைத்தாள். "எப்பலேர்ந்து?"

"அஞ்சாவது வாரத்துலேர்ந்து. அவங்க பின்தங்கினா உனக்கு அசிங்கமாச்சேன்னு..."

"அவங்க பின்தங்கினாத்தான் என் பயிற்சி வேலை செஞ்சுதுன்னு சொல்ல முடியும். அதுக்குத்தான் அந்த லைனே."

அவள் குரலை உயர்த்தவில்லை. "இந்தத் தடவையும் நான் முடிக்க மாட்டேன்னு முடிவு பண்ணிட்டீங்க. இல்லையா?" என்றாள்.

இல்லை என்று சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் முதல் தலைப்பு நின்றபோது, 'இவளால் முடியாது' என்று நானே நாலு பேரிடம் சொல்லியிருந்தேன். அது அவள் காதுக்கும் போயிருக்கும்.

அன்று மாலை தம்பி ஒரு யோசனை சொன்னான். "நாலாவது லைன் எண்ணை மட்டும் கொஞ்சம் குறைச்சுப் போட்டுடு. யாரு வந்து எண்ணப் போறாங்க?" இரண்டு நாள் அவள் அவனோடு பேசவில்லை. பேராசிரியர் தொலைபேசியில் அரைமணி நேரம் திட்டிவிட்டு, நடந்ததை நடந்தபடி எழுது, அது ஆய்வாக நிற்குமா நிற்காதா என்று தேர்வாளர்கள் சொல்லட்டும் என்றாராம்.

அவள் மறுபடி தொழிற்சாலைக்கு வந்தாள். நாலாவது லைனில் ஒவ்வொருத்தியையும் தனியாக உட்காரவைத்து, எத்தனை நாள், எத்தனை தடவை, வீட்டிலும் செய்தாயா என்று கேட்டு எழுதினாள். ஒருத்தி மாமியாரையும் சேர்த்துக்கொண்டு செய்திருக்கிறாள். எனக்கும் ஒரு படிவம். மற்றவர்களிடம் கேட்டதைப் போலவே என்னிடமும் கேட்டாள், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. புதிதாக ஓர் அத்தியாயம் முளைத்தது. இரண்டு லைனையும் இனி ஒப்பிட முடியாது என்று அதன் முதல் வரியிலேயே எழுதியிருந்தாள். கெடு முடிய ஒருநாள் இருக்கும்போது ஆய்வேடு போய்ச் சேர்ந்தது.

வாய்மொழித் தேர்வுக்கு நானும் கூடப் போனேன், அவள் கூப்பிடாமலே. இரண்டாம் மாடி வராந்தாவில் ஒரு மர பெஞ்சு. கதவுக்குப் பின்னால் யாரோ பேசுவது கேட்டது, என்னவென்று புரியவில்லை. ஐம்பது நிமிடம் ஆயிற்று. நான் லீவு சொல்லாமல் வந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

வெளியே வந்தவள் என் பக்கத்தில் உட்கார்ந்து செருப்பு வாரைச் சரிசெய்தாள்.

"பாஸ் போட்டுட்டாங்க. ஒரு வார்த்தைய மட்டும் எடுக்கணுமாம்."

"எந்த வார்த்தை?"

"நாலாவது லைன் ஏன் பயிற்சி செஞ்சாங்கன்னு எழுதற இடத்துல, 'ஆய்வாளர் மீது சூப்பர்வைசர் கொண்ட அன்பால், அவரது தூண்டுதலில்'னு எழுதியிருந்தேன். அன்பை நீங்க அளக்கலையே, எடுத்துடுங்கன்னு சொன்னாங்க."

நான் சொல்லிவிட்டேன்: "எடுத்துடும்மா. அது அன்பு இல்ல. நீ தேற மாட்டேன்னு எனக்குப் பயம்."

"தெரியும் அண்ணி" என்றாள் அவள். "அதை எப்படிப் புத்தகத்துல எழுதறது?"

அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்து அழுதேன். அவள் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்துவிட்டு, தம்பிக்குப் போன் போட்டாள்.