காது சூடேறும்வரை காத்திருந்த டாக்டரம்மா

சென்ற வாரம் லுஹர் தொழுகைக்காகக் கடையை மூடிக்கொண்டிருந்தபோது பாளையங்கோட்டையிலிருந்து அழைப்பு வந்தது. கால்நடை மருத்துவர் சிவகாமி அவர்கள் அன்று காலை காலமாகிவிட்டார்கள் என்று அவர்களுடைய கணவர் சொன்னார். சில மாதங்களாகப் படுக்கையில் இருந்தது எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

எனக்கு ஊர் கீழக்கரை. ஓமன் நாட்டுச் சலாலாவில் தீவனக் கடை வைத்திருக்கிறேன். டாக்டரம்மா இங்கே வேலைக்கு வந்த புதிதில் ஒருநாள் கடைக்கு வந்து, மூட்டைக்குள் முழங்கைவரை கையை விட்டு, பார்லியை அள்ளி முகர்ந்து பார்த்தார்கள். எனக்குச் சுருக்கென்றது.

"சோதனை போட வந்தீகளா?" என்றேன்.

"கோவப்படாதீங்க பாய். ஈரம் இருக்கான்னு பாத்தேன். சரக்கு நல்லாத்தான் இருக்கு" என்று சிரித்தார்கள். அதன்பிறகு வாரம் தவறாமல் வந்து டீ குடித்தார்கள். ஊர் திரும்பும்வரை ஒரு பிடி தீவனம் வாங்கியதில்லை!

பல வருடங்களுக்கு முன் சாலிம் என்ற ஒட்டகக்காரரின் செல்லப் பெண் ஒட்டகம் சுருண்டு விழுந்தது. "உன் பார்லியில் விஷம்" என்று என்னை வண்டியில் அள்ளிப்போட்டுக்கொண்டு போனார். அவருடைய தம்பிதான் என் கஃபீல். என் விசாவும் கடையும் அவர் கையில். ஒட்டகம் செத்தால் நான் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

டாக்டரம்மா முன்பே அங்கே வந்திருந்தார்கள். அதன் ஈறைக் கட்டைவிரலால் அழுத்தி எடுத்தார்கள். வெளுத்த இடம் சிவக்கவே இல்லை.

"காதத் தொட்டுப் பாருங்க பாய்."

அந்த வெயிலிலும் காது சில்லென்றிருந்தது. இதயம் தறிகெட்டு ஓடுகிறது, ரத்தமோ காதுவரை வந்து சேரவில்லை என்றார்கள்.

"இப்ரா! யல்லா!" என்று, ஊசி போடச் சொல்லிக் கத்தினார் சாலிம்.

"ஊசி கிருமியக் கொல்லும். கிருமி ஏற்கெனவே கக்குன விஷம் ரத்தத்துல கிடக்கே? மொதல்ல ரத்தம் ஓடணும், இல்லன்னா இதயம் நின்னுரும்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, அரபியில் அவரை அதட்டி, சலைன் பாட்டில்களை ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றினார்கள். பிறகுதான் ஊசி. மாலை அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னபோது காதில் சூடு வந்திருந்தது. நான் அழுதேவிட்டேன்.

அதோடு விட்டிருக்கலாம். சொந்தக்காரர்கள் கூடி நிற்கும்போதே, எவ்வளவு பார்லி போட்டீர்கள் என்று டாக்டரம்மா சாலிமைக் கேட்டார்கள். படிக்கப் போன மகன் திரும்பி வந்த சந்தோஷத்தில் வீட்டில் விருந்து. ஒட்டகத்துக்கு மட்டும் என்ன குறை என்று, தன் கையாலேயே தொட்டி நிறையக் கொட்டியிருக்கிறார் மனிதர்.

"இவர் கடையில் விஷம் மாஃபி, கிடையாது. நீங்கள் அளவில்லாமல் போட்டதில் வயிற்றுக் கிருமி பெருகிவிட்டது. விஷம் அதிலிருந்து வந்தது" என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். அவரைப் பகைத்தால் டாக்டரம்மாவின் வேலைக்கும் ஆபத்துதான். சாலிம் ஒட்டகத்தின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

திரும்பும் வழியில், "பயமே இல்லையாம்மா?" என்று கேட்டேன்.

"பயந்துகிட்டேதான் சொன்னேன். சொல்லலன்னா உங்கள ஊருக்கு அனுப்பிருவாரு. ஒட்டகத்துக்கும் மறுபடி அதே தொட்டியத்தான் வைப்பாரு."

நான் இன்னும் இங்கே கடை திறப்பது அந்த ஒரு பேச்சினால்தான்.

நேற்று சாலிம் தீவனம் எடுக்க வந்தார். செய்தியைச் சொன்னேன். தலைத்துணியை எடுத்துச் சரிசெய்துகொண்டார்.

"அவர் வீட்டாரிடம் சொல்" என்றார் பிறகு. "அந்த ஒட்டகத்தின் பேத்தி இந்த வாரம் குட்டி போட்டிருக்கிறது. குட்டி எழுந்து நின்று பால் குடிக்கிறது."

சொல்லிவிட்டேன், டாக்டரம்மா. போய் வாருங்கள்.