கடைசி வரியில் இருந்த பெட்டகம்

கட்டட வரைபடம் போடும் அந்த அலுவலகத்தில் அவருக்குப் பூட்டு என்று பெயர். கணினிகளைப் பார்த்துக்கொள்வது வேலை. யாராவது கடவுச்சொல்லைத் துண்டுத்தாளில் எழுதித் திரையோரம் ஒட்டியிருந்தால், அதைக் கிழித்து அவர்கள் கையிலேயே கொடுப்பார். "பூட்டு வருது" என்று ஒருவர் முணுமுணுத்தால் போதும், அறை முழுக்க இழுப்பறைகள் சாத்தும் சத்தம் கேட்கும். வீட்டிலும் அதே குணம்தான். கதவைப் பூட்டித் தெருமுனை வரை போய், திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பார்.

"விடுங்க, கதவுக்குக் கை வலிக்கப் போகுது" என்பாள் மனைவி.

அவளுக்கு எழுத்தில் செய்தி அனுப்பப் பொறுமை கிடையாது. எல்லாமே குரல்தான். ஒருநாள் அவர் கைபேசியில் வந்த அப்படியொரு குரல், தவறுதலாக அலுவலக ஸ்பீக்கரில் ஒலித்துவிட்டது. "வீட்டுக் குழாயை மூட மறந்துட்டு, ஊரான் கதவையெல்லாம் பூட்டப் போயிட்டீங்களாக்கும்!" அலுவலகமே வயிறு குலுங்கச் சிரித்தது. விஷயம் தெரிந்ததும் அவளுக்கு முகம் தொங்கிப்போயிற்று. இனித் தன் குரலை வேறு யாரும் கேட்கக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

அவள் இறந்துபோன பிறகு அந்தச் சத்தியத்தைத்தான் அவர் கட்டிக் காத்தார். கைபேசியில் இருந்த அவள் குரல்களையெல்லாம் கணினிக்கு மாற்றி, மறைகுறியாக்கிய ஒரு பெட்டகத்துக்குள் போட்டார். கடவுச்சொல் இல்லாமல் எவன் வந்தாலும் உள்ளே வெறும் குப்பைதான் தெரியும். பழைய கைபேசி கொஞ்ச நாளில் மண்டையைப் போட்டது. மாலையில் வேலை முடிந்து வந்ததும் ஒரு குரலைக் கேட்பார். ஒன்றே ஒன்று. தீர்ந்துபோய்விடும் என்ற பயம்.

பெட்டகத்தின் நகல், கல்யாணப் படங்களோடும் மற்றக் கோப்புகளோடும், பழைய டிஸ்க் ஒன்றில் இருந்தது. அந்த டிஸ்க் அவளுடைய தையல் இயந்திரத்தின் இழுப்பறையில் இருந்தது. அதைச் சொருகினால் போதும், அவர் எழுதிய ஸ்கிரிப்ட் என்ற சின்ன நிரல் தானாக ஓடிக் கணினியில் இருப்பதை அப்படியே டிஸ்கில் படியெடுக்கும். கணினியில் இல்லாததை டிஸ்கிலிருந்து அழிக்கும். அவள் இருந்த காலத்தில், முதலில் அது ஒவ்வொரு அடிக்கும் அனுமதி கேட்கும். "உங்களை மாதிரியே நச்சரிக்குதே! சொருகினா தன் வேலையைப் பார்க்கட்டுமே" என்று அவள்தான் மாற்றச் சொன்னாள்.

விடுமுறை நாள் ஒன்றின் பிற்பகல். மனைவியின் தம்பி உள்ளறையில் கணினி முன் உட்கார்ந்திருந்தான். பார்சல் வண்டி ஓட்டுகிறவன், மாடியறையில் குடியிருக்கிறான்.

"மாமா, இங்க வாங்களேன். ஃபோட்டோ ஒண்ணும் திறக்க மாட்டேங்குது."

போய்ப் பார்த்தார். கோப்புகளின் பெயர்களுக்குப் பின்னால் புரியாத வால் ஒன்று முளைத்திருந்தது. பார்க்கப் பார்க்க அடுத்ததற்கும் முளைத்தது. அதற்கடுத்ததற்கும்.

"எதைத் திறந்தே?"

"ஒரு மெயில். பார்சல் திரும்பி வந்துடுச்சுன்னு போட்டிருந்தது. நம்ம வண்டி சமாச்சாரமோன்னு..."

அந்த மெயிலில் வந்த திருட்டு நிரல், பணம் பறிப்பதற்காகக் கோப்புகளை ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டிருந்தது. பெட்டகத்தை அதை அனுப்பிய திருடனால் திறக்க முடியாது, நிஜம்தான். ஆனால் திறக்க வேண்டிய அவசியமே அவனுக்கு இல்லை. அதன்மேல் தன் பூட்டு ஒன்றையும் போட்டுவிட்டால் அவளை அவராலும் எடுக்க முடியாது. இத்தனை நாள் கதவை இழுத்துப் பார்த்தவருக்கு இது தோன்றவே இல்லை.

முன்னறைக்கு ஓடி இணைய வயரைப் பிடுங்கினார். திரும்புவதற்குள் தையல் இயந்திரத்தின் இழுப்பறை திறக்கும் சத்தம் கேட்டது. அவள் போனபிறகு அவரைத் தவிர யாரும் திறக்காத இழுப்பறை.

"மிச்சம் இருக்கிறதையாவது டிஸ்க்ல ஏத்திடுறேன் மாமா!"

"சொருகாதே! டேய், சொருகாதே!"

வாசற்படியில் கால் இடறி உள்ளே விழாத குறையாக வந்தார். டிஸ்கின் நீல விளக்கு படபடவென்று துடித்துக்கொண்டிருந்தது. அவளுக்காக மாற்றிய ஸ்கிரிப்ட், யாரையும் எதுவும் கேட்காமல், நல்ல நகலை அழித்துக் கெட்டதை ஏற்றிக்கொண்டிருந்தது. வயரை இழுத்த வேகத்தில் டிஸ்க் தரையில் விழுந்தது. கணினியின் மின்சாரத்தையும் பிடுங்கினார். அவன் குனிந்து டிஸ்கை எடுத்தான்.

"அக்கா அதுக்குள்ளேயா இருக்கா?" என்று அவன் கேட்டான்.

அவர் தலையாட்டினார்.

மறுநாள் மச்சானையும் கூட்டிக்கொண்டு அலுவலகம் போய், டிஸ்கைப் படிக்க மட்டுமே முடிகிற, எழுத முடியாத கருவி ஒன்றில் மாட்டினார். அடையாளம் தெரியவில்லை. கழற்றி மறுபடி மாட்டினார். உள்ளே ஏதோ கரகரத்து ஓய்ந்தது. பிறகு திரையில் வந்தது.

கல்யாணப் படங்களுக்கெல்லாம் வால் முளைத்திருந்தது. பல வருஷம் எழுதிச் சேர்த்த ஸ்கிரிப்டுகள் இருந்த இடம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. அவர் மேலேயே தேடிக்கொண்டிருந்தார்.

"கீழே பாருங்க மாமா. கீழே."

பெட்டகம் பழைய பெயரோடு இருந்தது, வால் இல்லாமல். ஸ்கிரிப்ட் தன் பட்டியலில் உள்ள வரிசைப்படிதான் போகும். அவள் இறந்த பிறகு சேர்த்த பெட்டகம் அந்தப் பட்டியலில் கடைசி வரி. வயரை இழுத்தபோது ஸ்கிரிப்ட் அதுவரை போய்ச் சேர்ந்திருக்கவில்லை.

பெயர் இருக்கிறது, உள்ளே இருக்கிறதா? கடவுச்சொல்லை அடித்தார். தவறு என்றது. அவசரத்தில் வேறு ஏதோ எழுத்தைத் தட்டியிருக்கிறார். விரல்களைச் சட்டையில் துடைத்துக்கொண்டு மறுபடி அடித்தார். திறந்தது.

மச்சான் எழுந்து வெளியே போய்க் கதவைச் சாத்தினான். அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

வீடு திரும்பியதும் கணினியில் இருந்த எல்லாவற்றையும் அழித்து அதைப் புதிதாக்கினார். ஸ்கிரிப்டை முதல் வரியிலிருந்து எழுதினார். இனி அது டிஸ்கைச் சொருகியதும் நின்று கேட்கும். அழிப்பதற்கு முன்னால் இன்னொரு முறை கேட்கும்.

தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த மச்சான் மெல்லச் சொன்னான். "அக்கா இருந்தா திட்டியிருப்பா மாமா. நச்சரிக்குதுன்னு."

"திட்டட்டும் மாப்ள" என்றார் அவர். "நல்லா திட்டட்டும்."