டாக்டரம்மா மழித்துக்கொண்ட கை

டாக்டர் கோமதி போய்விட்டார் என்று அவருடைய பழைய நர்ஸ் போனில் சொன்னார். ஸ்ரீபெரும்புதூரில் அவரிடம் வைத்தியம் பார்த்தவர்களுக்கு அவருடைய கோபம் ஞாபகமிருக்கும். எனக்கு அவருடைய இடது கைதான் ஞாபகம்.

1991. எனக்கு இருபத்திரண்டு வயது. பிள்ளைப்பாக்கத்திலிருந்து சைக்கிளில் தொழிற்சாலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். தாடையிலும் மேலுதட்டிலும் கருகருவென்று முடி. பல்வலி என்று சொல்லி முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு லைனில் நிற்பேன். ஒருத்திக்கு எத்தனை மாதம்தான் பல்வலி இருக்கும்? வேலையை விட்டுவிடுவதென்றே முடிவு செய்திருந்தேன்.

கத்தி பட்டால் தாடியே முளைத்துவிடும் என்று அம்மா பயந்தாள். அதனால் மஞ்சளைப் பூசி, குதிகால் தேய்க்கும் கல்லால் தினமும் என் தாடையைத் தேய்த்தாள். முடி போகவில்லை, தோல் போனது. புண் சீழ் பிடித்த பிறகுதான் டாக்டரிடம் போனோம்.

அம்மாவுக்கு நல்ல திட்டு விழுந்தது. பிறகு டாக்டர் என்னிடம், "மாசா மாசம் சரியா வருதா?" என்றார். அதுவரை யாரும் கேட்காத கேள்வி. நான்கு மாதத்துக்கு ஒருமுறைதான் என்றேன். "ஆம்பளையா மாறிக்கினு வர்றேனா டாக்டர்?"

"போடி பைத்தியம். ஒடம்புல சுரக்கறது ஒண்ணு அதிகமாப் போச்சு, அவ்ளோதான். ரத்தம் டெஸ்ட் பண்ணிட்டு மாத்திரை தர்றேன். ஆறு மாசம் ஆவும். முழுசாப் போவாது, குறையும். மீதிய மழிச்சிக்கோ. இல்லன்னா மெட்ராஸ்ல கரண்ட் ஊசி வெச்சு வேரைப் பொசுக்குவாங்க. வலிக்கும், நாளும் ஆவும்."

நான் அழுதுவிட்டேன். அவ்வளவு நிம்மதி.

"மழிச்சா கனமா மொளைக்குமே" என்றாள் அம்மா. டாக்டர் புது பிளேடு ஒன்றை எடுத்து, தன் இடது முன்கையில் நாலு விரல் அகலத்துக்கு மழித்தார். "ரெண்டு மாசம் கழிச்சி வந்து பாரு. இங்க தாடி மொளச்சிருந்தா போர்டைக் கழட்டிடறேன்."

அம்மா விடுவாளா? வல்லக்கோட்டை முருகனுக்கு ஒரு வேண்டுதலையும் வைத்துவிட்டு, சொன்ன நாளில் போய் அந்தக் கையை ஜன்னலோரம் இழுத்துத் தடவித் தடவிப் பார்த்தாள். வெளியே நோயாளிகள் காத்திருக்க, டாக்டர் கையை நீட்டியபடியே நின்றார். "ரெண்டு கையும் ஒண்ணாத்தான் கீது" என்று கடைசியில் ஒப்புக்கொண்டாள். திரும்பும் வழியில் அவளே எனக்கு ரேசர் வாங்கினாள்.

மறுநாள் துண்டில்லாமல் லைனில் நின்றேன். "பல்லு சரியாப்போச்சா?" என்றார் சூப்பர்வைசர். "புடுங்கியாச்சு சார்" என்றேன்.

மாத்திரையில் முடி பாதி குறைந்தது. கல்யாணம் நிச்சயமானபோது, மாப்பிள்ளையிடம் முன்பே சொல்லிவிடச் சொன்னவரும் டாக்டர்தான். "ஆயுசு பூரா ஒளிச்சி வெக்கறதுக்கு உன்னால ஓவர்டைம் பாக்க முடியாதுடி." சொன்னேன். "நானும்தான் தினம் மழிக்கறேன்" என்றார் மாப்பிள்ளை.

இன்றும் வாரம் இரண்டு முறை, வீட்டில் எல்லோரும் நடமாடும் நேரத்தில், கதவைத் தாழிடாமல் சவரம் செய்துகொள்கிறேன். டாக்டரை அடக்கம் செய்த அன்று காலையிலும் அப்படித்தான். அவர் கொடுத்த மாத்திரைகள் என்றோ தீர்ந்துவிட்டன. இந்தத் திறந்த கதவு மட்டும் இருக்கிறது.