ராகு காலத்துக்குள் மூடிய விமானம்

ஜப்பான் போர் விமானத்தின் சிறு மாடல் ஒன்றில், விமானி உட்காரும் அறையை நானே செய்துவந்தேன். தென்னை ஈர்க்கிலில் கைப்பிடி, கற்பூரப் பொட்டலத்தின் தாளில் சீட் பெல்ட்.

இன்று ராகு காலம் தொடங்குவதற்குள் முடித்துவிட அவசரப்பட்டுக் கண்ணாடி மூடியை ஒட்டிவிட்டேன்.

பாறசாலையிலிருந்து வந்த நாத்தனார் மேசையைப் பார்த்தாள்.

"மைனி, இந்தக் குட்டித் தகடு ரெண்டும் என்னது?"

விமானி காலால் மிதிக்கும் பெடல்கள்! அவற்றை மிதித்து எப்படி விமானத்தைத் திருப்புவார்கள் என்று தேடிப் படித்து, ஆசையாக வெட்டியவை. உள்ளே ஒட்ட மறந்தே போயிருக்கிறேன்.

"மூடியாச்சுல்லா. இனி உள்ள யாரு பாக்கப்போறா?"

"சாமி பாப்பாரு மக்கா."

"அப்போ பிரியுங்க. கண்ணாடி பொட்டிச்சுன்னா என்னைக் குத்தம் சொல்லப்பிடாது, கேட்டேளா!"

வேறு கண்ணாடி கிடையாது. ஆனாலும் பிரிக்கத்தான் போகிறேன்.

அதற்கு நல்ல நேரம் மட்டும் யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.