டீமேக்கர் காலில் கட்டிய மஞ்சள் நூல்

போன வாரம் மகளுடைய நாய்க்கு ஊசி போடுவதற்காகப் பண்டாரவளையில் மிருக வைத்தியரிடம் போயிருந்தேன். வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தபோது பக்கத்தில் ஓர் இளம்பெண் வந்து அமர்ந்தாள். மடியில் துவாயால் சுற்றிய ஏதோ ஒன்று. பூனையாக இருக்கும் என்று நினைத்தேன். அப்புறம் அந்த வாசம் வந்தது. வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் நனைந்த கோழி இறகின் வாசம். மழையில் நனைந்த கோழிக்கு இந்த வாசம் கிடையாது, அது வேறு. இது, வயிறு வீங்கிய கோழியைப் பேசினில் உட்கார வைத்து, கையால் தண்ணீரை அள்ளி அள்ளி விட்டவனுக்கு மட்டும் தெரிகிற வாசம்.

“வயித்துல தண்ணியாம்மா?” என்று கேட்டேன்.

அந்தப் பெண் என்னை மந்திரவாதியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

மந்திரம் ஒன்றும் இல்லை. முப்பது வருஷத்துக்கு முன்னால், ஹல்துமுல்லைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகளில் ஒன்றில், எங்களிடமும் ஒரு கோழி இருந்தது. அதன் பெயர் டீமேக்கர்.

பெயருக்குக் காரணம் சொல்லிவிடுகிறேன். தேயிலைத் தூள் ஆகிற தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்போம். அங்கே எங்களுக்கெல்லாம் மேலே இருந்த அதிகாரிதான் டீமேக்கர். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒரு காலைத் தூக்கி, கொஞ்சம் யோசித்து, பிறகு வைப்பார். தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் கொழுந்தைப் பார்ப்பார். வெலிமடையிலிருந்து என் மனைவி சரசுவின் தங்கை லீக்ஸ் பெட்டியில் போட்டு அனுப்பிய குஞ்சு, வளர்ந்ததும் எங்கள் வீட்டு முன் இஸ்தோப்புத் திண்ணையில் அச்சு அசல் அப்படியே நடந்தது. சரசு சிரித்துச் சிரித்து, “ஐயோ இங்க பாருங்க, டீமேக்கர் ஐயா செக் பண்ண வந்துட்டாரு!” என்றாள். முட்டை போட ஆரம்பித்த பிறகும் ஐயா ஐயாவாகவே இருந்தார். ஸ்டோரில் இருந்த ஐயாவுக்கு இது தெரிந்துவிடுமோ என்று ஒரு மாதம் நான் சரியாகச் சாப்பிடவில்லை.

நான் அப்படித்தான். கவலைப்படுவதற்கென்றே பிறந்தவன். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். வீட்டில் அதற்கு வேறு காரணங்கள் இருந்தன, ஆனால் நான் அழாமல் சம்மதித்ததற்குக் காரணம் ஒன்றுதான். எட்டாம் வகுப்புக்கு பஸ்ஸில் போக வேண்டும். அந்த ரோட்டில் பஸ் பள்ளத்தில் இறங்கிவிட்டால்? ஸ்டோரில் வேலைக்குச் சேர்ந்து கல்யாணமும் ஆன பிறகு, கொழுந்து வாட்டுகிற மாடியில் நின்றுகொண்டு, வீட்டுக் கதவைப் பூட்டினோமா என்று ஒரு நாளைக்கு நாலு தடவை யோசிப்பேன். லயத்தில் யாருமே கதவைப் பூட்டுவதில்லை என்பது வேறு விஷயம்.

டீமேக்கருக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று. காலையில் சரசு சுடுகிற கோதுமை ரொட்டியின் கருகிய ஓரம். நல்ல ஓரத்தைக் கொடுத்தால் தள்ளிவிடும். நேரமாகிவிட்டது என்று நான் வேகமாகச் சாப்பிட்டால் நான் கட்டியிருக்கிற சாரத்தின் நுனியைக் கொத்தி இழுக்கும். இன்றைக்கும் ரொட்டி கருகுகிற மணம் வந்தால் என் கால் தன்னாலே உள்ளே இழுத்துக்கொள்ளும்.

ஒரு மழைக்காலத்தில் அது முட்டையை நிறுத்தியது. பிறகு வயிறு வீங்கியது. நடை இன்னும் டீமேக்கர் மாதிரி ஆனது, ஆனால் யாரும் சிரிக்கவில்லை. உப்புத் தண்ணீரில் உட்கார வைத்தோம், மஞ்சள் அரைத்துக் கொடுத்தோம். நாங்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போகிற நேரத்தில் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுப் போனேன். கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற இடம் அது. அங்கே இருந்த ஆயா கோழிக் கூடையையும் தொட்டில்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “இதுக்கும் பால் மாவு கரைக்கணுமா தம்பி?” என்று கேட்டாள். ஆனால் எடுத்துக்கொண்டாள்.

அதைக் கொடுத்துவிட்டு ஸ்டோருக்குப் போகிற வழியில்தான் அந்தத் தப்பைச் செய்தேன்.

ஸ்டோர் வாசலில் ரோதை முனி இருந்தது. ரோதை என்றால் சக்கரம். ஸ்டோர் மெஷின்களைக் காக்கிற சாமி, ஒரு கல்லும் ஒரு சூலமும். வருஷத்துக்கு ஒரு முறை அதற்குச் சேவல் வெட்டாமல் எந்தத் துரையும் மெஷினை ஓட்டச் சொன்னதில்லை. எங்களுக்கு எந்த நோய் வந்தாலும் வாயில் வருகிற வார்த்தை ஒன்றுதான்: முனியப்பா, சொகமாகட்டும், ஒனக்குக் கோழி வெட்டுறேன். அம்மா எனக்காகச் சொல்லியிருக்கிறாள், நான் சரசுவுக்காகச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கும் கையைக் கூப்பினேன், வாய் தன் பாட்டில் சொல்லிவிட்டது. சாயங்காலம் முறைப்படி டீமேக்கர் காலில் மஞ்சள் நூலும் கட்டினேன்.

சரசு விளக்கை ஏற்றிவிட்டு வந்து பார்த்தாள்.

“என்னாங்க இது கால்ல?”

“நேந்துகிட்டேன்.”

“என்னான்னு?”

“கோழிக்குச் சொகமாச்சுன்னா கோழி வெட்டுறேன்னு.”

“எந்தக் கோழிய?”

நான் நூலின் முடிச்சை இன்னும் கொஞ்சம் இறுக்கினேன்.

“நம்மகிட்ட எத்தன கோழிங்க இருக்கு?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சரசு தலையில் அடித்துக்கொண்டாள். “அது பொழைக்கணும்னு அதையே வெட்டுறேன்னு சொல்லிட்டு வந்திருக்கீங்களே! முனி இத்தன வருசத்துல சிரிச்சிருந்தா இன்னைக்குத்தான் சிரிச்சிருக்கும்!”

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அடுத்த வீட்டு ராமையா மச்சான் குரல் கொடுத்தார். “மாப்ள, ஒனக்குக் காய்ச்சல் வந்தா ஒன்னையே நேந்துக்குவியா?” லயமே சிரித்தது. லயத்துச் சுவர் அவ்வளவுதான் கனம்.

சிரிப்பு இருக்கட்டும், என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். கோழி தேறினால் வெட்ட வேண்டும். தேறாவிட்டால் செத்துவிடும். எந்தப் பக்கம் வேண்டிக்கொள்வது? நேர்ந்துவிட்ட உயிர்மேல் வீட்டில் யாருக்கும் உரிமை இல்லை. விற்கக்கூடாது, கொல்லக்கூடாது. அது முனியின் சொத்து, நாம் தீனி போடுகிற ஆள் மட்டும்.

ஞாயிற்றுக்கிழமை வரைகூடப் பொறுக்கவில்லை. லீவு போட்டு, கொழுந்துக் கூடையில் சாக்கைப் பரப்பி டீமேக்கரை உட்கார வைத்து பண்டாரவளைக்கு பஸ் ஏறினேன். எந்த பஸ்ஸுக்குப் பயந்து படிப்பை விட்டேனோ அதே ரோடு. வளைவு வளைவாக வந்தது. நான் பள்ளத்தைப் பார்க்கவே இல்லை, கூடைக்குள்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். இறங்கின பிறகுதான் பயப்பட மறந்துவிட்டேன் என்று தெரிந்தது.

அன்று இருந்த மிருக வைத்தியர் சிங்களவர். கோழியைக் கொண்டுவந்ததற்கு அவர் சிரிக்கவில்லை. வயிற்றைத் தடவிப் பார்த்தார். ஊசியால் ஒரு கோப்பை அளவுக்கு மஞ்சள் தண்ணீரை எடுத்தார். எனக்குத் தலை சுற்றியது, டீமேக்கர் பேசாமல் நின்றது. தனக்குத் தெரிந்த தமிழில் அவர் சொன்னார்: “இப்ப சரி. ஆனா திரும்ப வரும். எடுக்க எடுக்க வரும். ஏலாத நாள் ஒண்ணு வரும். அன்னைக்கு வச்சிக்க வேணாம்.”

“அந்த நாள் எப்படித் தெரியுங்க ஐயா?”

“அதுக்கு ரொம்ப விருப்பம் என்ன?”

“கருகின ரொட்டிங்க.”

“அத வேணாம்னு சொல்லும். அப்ப தெரியும்.”

மூன்று வாரம் நன்றாக இருந்தது. சாரத்தைக் கொத்தியது. ராமையா மச்சான், “சொகமாயிருச்சு மாப்ள, கத்தியத் தீட்டு!” என்று தினமும் கூப்பிட்டார். முனி வாசலைக் கடக்கும்போது நான் குனிந்துகொண்டே போனேன், கடனாளி மாதிரி. நாலாவது வாரம் வயிறு திரும்பவும் வீங்கியது. மறுபடி தண்ணீர் எடுத்தோம். அது ஐந்து நாள்கூடத் தாங்கவில்லை. டீமேக்கர் கழுத்தை நீட்டி வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. ஒரு காலையில் கருகின ஓரத்தைப் பிய்த்து முன்னால் போட்டேன். பார்த்தது. அதே பார்வைதான், தலையைச் சாய்த்து, ஒற்றைக் கண்ணால். பிறகு கண்ணை மூடிக்கொண்டது.

சரசு அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். “டாக்டர் சொன்ன நாள் இதுதாங்க,” என்றாள்.

“முனி சொத்து புள்ள. நாம எப்படிக் கை வைக்கிறது?”

“முனியக் கேட்டீங்களா?”

கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால், கேட்காமல் இருப்பதுதான் எனக்கு வசதியாக இருந்தது. அந்த நூல் காலில் இருக்கும்வரை முடிவு என்னுடையதில்லை. கையைக் கட்டிக்கொண்டு கவலைப்பட்டால் போதும், அதில் எனக்கு நல்ல பழக்கம். அந்தக் கோழி மூச்சுக்குத் தவித்ததில் இரண்டு நாள் என் கோழைத்தனத்துக்காகத் தவித்த நாள். இதை நான் யாரிடமும் மறைப்பதில்லை.

மூன்றாம் நாள்தான் டீமேக்கரைச் சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்குப் போனேன். முனிக்குப் பூசை வைக்கிறவர் மாயாண்டி அண்ணன், மற்ற நேரத்தில் ஸ்டோர் அடுப்புக்கு விறகு போடுவார். முழுதும் கேட்டுவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

“சீக்குக் கோழிய முனி எடுக்காதுப்பா. அதுவும் இது பொட்ட. முனிக்குச் சேவல்தான்னு ஒனக்குத் தெரியாதா?”

“வாயில வந்துருச்சுண்ணே.”

“சரி, போய் ஒரு எலுமிச்சம்பழம் கொண்டா. கோழிக்குப் பதிலா அத வெட்டி, நேத்திய அவுத்து விட்டுருவோம்.”

கல்லின் முன்னால் பழத்தை வைத்து ஒரே வெட்டில் இரண்டாக்கினார். குங்குமம் தடவி, ஒரு பாதியை இந்தப் பக்கமும் ஒரு பாதியை அந்தப் பக்கமும் வைத்தார். டீமேக்கர் காலிலிருந்து நூலை அவிழ்த்து என் உள்ளங்கையில் போட்டார்.

“முனி விட்டுருச்சு. இனிமே இது ஒன் கோழி.”

“அப்படின்னா நீங்களே கொஞ்சம்…”

“முடிச்ச அவுக்கிறதுதான் என் வேல. எப்படிச் செய்யணும்னு சொல்லித் தாறேன். செய்யிறது நீதான். ஒன்னத்தான் அதுக்குத் தெரியும்.”

வீட்டுக்கு வந்தேன். மழை விட்டு, தேயிலை மலை முழுக்க வெயில் விழுந்திருந்தது. லயத்துக்குப் பின்னால் சரசுவின் போஞ்சிப் பாத்தியருகே உட்கார்ந்தேன். டீமேக்கரை மடியில் வைத்து வெயிலில் கொஞ்ச நேரம் காட்டினேன். அதற்கு வெயில் பிடிக்கும். சரசு பக்கத்தில் உட்கார்ந்து அதன் நெற்றியைத் தடவினாள். “போய்ட்டு வாங்க ஐயா,” என்றாள். மாயாண்டி அண்ணன் சொன்னபடியே செய்தேன். கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்தது. கதவைப் பூட்டினோமா என்று நாலு தடவை யோசிக்கிற எனக்கு, அந்த ஒரு காரியத்தைச் சரியாகச் செய்தோமா என்று இன்றுவரை ஒரு தடவைகூடத் தோன்றியதில்லை. சரியாகத்தான் செய்தேன்.

ராமையா மச்சான் எட்டிப் பார்த்து, “என்னா, கொழம்பா?” என்று ஆரம்பித்தவர், எங்களைப் பார்த்ததும் உள்ளே போய் மண்வெட்டியோடு வந்தார். குழியை அவர்தான் வெட்டினார். கையில் இருந்த மஞ்சள் நூலை என்ன செய்வது என்று கேட்டேன். சரசு அதை வாங்கி, சாய்ந்து கிடந்த போஞ்சிக் கொடியைக் கம்போடு சேர்த்துக் கட்டினாள். அவளிடம் எதுவும் வீணாகாது.

போன வாரம், வைத்தியரின் அறைக்குள் போன அந்தப் பெண் கண்ணீரோடு வெளியே வந்தாள். “என்னயே முடிவு பண்ணச் சொல்றாங்க அங்கிள். நான் எப்படிங்க பண்றது?” என்றாள். நான் கேட்டேன், உங்கள் கோழிக்கு ரொம்பப் பிடித்தது என்னவென்று. பப்பாளி விதை என்றாள். இன்றைக்குத் தின்றதா என்று கேட்டேன். தின்றது, கொஞ்சம், என்றாள். “அப்ப இன்னைக்கு இல்லம்மா. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க,” என்றேன். இவ்வளவு உறுதியாக நான் யாரிடமும் எதுவும் சொன்னதில்லை. நாய்கூடத் திரும்பிப் பார்த்தது.

மறுநாள் பஸ் ஏறி ஹல்துமுல்லைப் பக்கம் போனேன். எங்கள் லயம் இருந்த இடத்தில் இப்போது தனித்தனி வீடுகள், சுவரெல்லாம் கனமானவை, அடுத்த வீட்டுச் சிரிப்பு கேட்காது. பிள்ளைக் காம்பராவைக் காணோம். ஸ்டோர் மூடி, மெஷின்களைப் பழைய இரும்புக்கு விற்று ஏற்றிவிட்டார்கள். ரோதை இல்லாத வாசலில் ரோதை முனி மட்டும் நிற்கிறது. மாயாண்டி அண்ணன் இல்லை. போஞ்சிக்கு நூல் கட்டியவளும் போய் ஆறு வருஷமாகிறது.

குடை, மாத்திரை, டோர்ச், ஒரு எலுமிச்சம்பழம் எல்லாம் கவனமாக எடுத்துப் போயிருந்தேன். கத்தியை மறந்துவிட்டேன். கொஞ்ச நேரம் நின்று யோசித்தேன். அவிழ்க்க வேண்டிய முடிச்சு ஒன்றும் என்னிடம் இல்லை. பழத்தை வெட்டாமல் முழுசாகவே கல்லின் மேல் வைத்துவிட்டு, கடைசி பஸ்ஸுக்கு நடந்தேன்.