இருநூற்றுப் பதின்மூன்றாவது நோயாளி

நம்புங்கள் என்று கெஞ்சப் போவதில்லை. கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். அதுவும் பட்டப்பகலில் நடந்தது.

மருத்துவமனைகளுக்கான மென்பொருளைச் சோதிப்பது என் வேலை. நிரலில் யார் ஒரு வரி மாற்றினாலும், கற்பனை நோயாளிகள் 212 பேரைக் கணினி தானாகவே சேர்க்கும், மருந்து எழுதும், அளவு சரிபார்க்கும், வீட்டுக்கு அனுப்பும். அத்தனை பேரும் தேறினால்தான் புதிய பதிப்பு வெளியே போகும். அவர்களை உருவாக்கியவள் நான். ஒவ்வொருவரையும் எனக்குத் தெரியும்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. மூன்று வாரமாக விடுமுறை இல்லை. இடுப்பு கழன்றுவிடும் போலிருந்தது. அலுவலகத்தில் நான் மட்டும். எங்கள் மேலாளருக்கு நாங்கள் வைத்த பெயர் 'இப்பவே சார்'. ஐந்து மணிக்குள் பதிப்பு போயாக வேண்டும் என்றிருந்தார்.

மதியம் 2:10. சோதனை முடிந்தது. 212 பச்சை. ஒன்று சிவப்பு.

213.

பெண் குழந்தை. வயது ஆறு. எடை 18.4 கிலோ. படுக்கை 19. இப்படி ஒருத்தியை நான் உருவாக்கவே இல்லை. யாரோ சேர்த்துவிட்ட குப்பை என்று அழித்தேன். மறுபடி ஓட்டினேன்.

2:41. மீண்டும் அவள். குறிப்புக் கட்டத்தில் இப்போது இரண்டே சொற்கள்.

"மருந்து வேணாம்."

பின் வரிசையில் யாரோ இருமினார்கள். லொக்... லொக்... சின்னத் தொண்டை. எழுந்து பார்த்தேன். காலி நாற்காலிகள்.

கணவர் அழைத்தார்.

"எப்ப வர்ற?"

"அரை மணி நேரம்."

"பக்கத்துல யாரு, குழந்தை இருமுது?"

போனை வைத்துவிட்டேன். அவளை மறுபடி அழித்தேன்.

3:05. 213.

"அழிக்காதீங்க."

லொக்... இப்போது என் நாற்காலிக்குப் பின்னால்.

நான் திரும்பவில்லை.

அவளுக்கு எழுதியிருந்த மருந்தைப் பார்த்தேன். அவள் எடைக்கு உரிய அளவைப் போல் பத்து மடங்கு. கணினி தடுத்திருக்க வேண்டும்... தடுக்கவில்லை. குழந்தைகளுக்கான அளவு வரம்பை யாரோ கழற்றியிருந்தார்கள். என் 212 பேரும் பெரியவர்கள். அவர்கள் இந்தப் பிழையை எப்படிப் பிடிப்பார்கள்?

மேலாளரை அழைத்தேன்.

"சார், அஞ்சு மணிக்குப் போகாது."

"யார் சொன்னது?"

"நான்தான்."

வரம்பைத் திரும்பப் போட்டு, சோதித்து, பதிப்பை அனுப்பும்போது மணி 7:20. 213-ஐத் தேடினேன். இருந்த சுவடே இல்லை. யாரிடமும் சொல்லவில்லை, கணவரிடம்கூட. மூளை கலங்கிவிட்டது என்பார்கள்.

வியாழக்கிழமை காலை, எங்கள் மென்பொருளைப் பயன்படுத்தும் ஒரு மருத்துவமனையின் மருந்தாளுநர் அழைத்தார்.

"மேடம், நேத்து உங்க சிஸ்டம் ஒரு உயிரக் காப்பாத்திடுச்சு. டாக்டர் ஒரு சைபர் கூடப் போட்டுட்டார். தடுத்துடுச்சு."

"யாருக்கு?"

"ஆறு வயசுப் பொண்ணு. பத்தொன்பதாம் பெட். பதினெட்டு புள்ளி நாலு கிலோ."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"நல்லா இருக்கா மேடம். இருமல்தான் இன்னும் விடல. ஆனா ஒண்ணையே கேட்டுக்கிட்டு இருக்கா..."

"என்ன?"

"'என்னை ரெண்டு தடவ அழிச்ச அக்கா வருவாங்களா'ன்னு. யாரு மேடம் அது?"