பட்டனுக்கு வைத்த சந்தனம்

செந்துறையில் கல்யாணப் பத்திரிகை டைப் செய்து கொடுப்பது என் பிழைப்பு. அச்சடிப்பது அரியலூர் பிரஸ்ஸில். பெயர்களை வரிசைப்படுத்துவது என் கடையில். அதனால் சண்டையும் என் கடையில்தான் நடக்கும். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன், போதாததற்குக் கூச்சக்காரன். குறுக்கே பேச மாட்டேன். அடிக்கச் சொன்னால் அடிப்பேன், அழிக்கச் சொன்னால் அழிப்பேன்.

ஒரு பெரியவருடைய மகள் கல்யாணப் பத்திரிகை மூன்று வாரம் இழுத்தது. அவருக்கு இரண்டு தம்பிகள், மூன்று மச்சான்கள். யார் பெயர் யாருக்கு மேலே என்பதுதான் சிக்கல். கடைசிப் புரூஃபைப் பெரிய மச்சான் என் மேஜை மேலேயே கிழித்துப் போட்டு, "கல்யாணத்த நீங்களே நடத்திக்குங்க" என்று கிளம்பிவிட்டார். பஸ் ஸ்டாண்டு வரை போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார்கள். அன்று எல்லாரும் ஒத்துக்கொண்ட வரிசையை அடித்துச் சேமித்தேன். பென் டிரைவைத் தேடி எடுப்பதற்குள் கம்ப்யூட்டர் டப்பென்று நின்றது.

அந்தச் சமாதானம் அந்தப் பெட்டிக்குள் மட்டும்தான் இருந்தது. ஞாபகத்திலிருந்து அடிக்கலாம்தான். ஆனால் ஒவ்வொருவர் ஞாபகத்திலும் அவரவர் பெயர்தான் மேலே இருந்தது.

பெட்டியை அரியலூருக்குக் கொண்டுபோனேன். மின்சாரம் கொடுக்கும் பாகம் எரிந்துவிட்டது என்று மெக்கானிக் புதிதாக மாட்டினார். எனக்கு முன்னாலேயே ஓட்டியும் காட்டினார். பத்திரிகையைத் திறந்து பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். கேட்கக் கூச்சமாக இருந்ததால் பஸ் ஏறிவிட்டேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. வயர்களை மாட்டிக்கொண்டிருந்தபோது பெரியவர் சிறுவாச்சூர் அம்மன் கோயிலிலிருந்து நேராக வந்து இறங்கினார்.

"பொட்டு வெக்காம போட்டுடாதீங்க தம்பி. ஆத்தாகிட்ட வேண்டிக்கிட்டுல்ல வந்துருக்கேன்."

என் தண்ணீர் டம்ளரை வாங்கிச் சந்தனப் பொடியைக் குழைத்தார். எங்கே வைப்பது என்று பெட்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பட்டன் மேல் அப்பினார். அதன்மேல் கோயில் குங்குமம். "இங்கதான உசுரு இருக்கு" என்று கட்டைவிரலால் அழுத்தி அவரே போட்டார். வேண்டாம் என்று சொல்ல நான் வாயைத் திறந்தபோது வேலை முடிந்துவிட்டது.

பெட்டிக்குள் காற்றாடி சுற்றியது, பட்டன் பக்கத்து விளக்கு எரிந்தது, உடனே எல்லாம் அணைந்தது. பிளக்கை மாற்றினேன். அதேதான்.

மெக்கானிக்குக்கு போன் போட்டேன். "நேத்து ஓடுச்சேண்ணே! என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணலைங்க."

மூடியைத் திறந்து உள்ளே இருக்கும் ரேம் பட்டையைக் கழற்றித் துடைத்து மாட்டச் சொன்னார். செய்தேன். பெரியவர் பக்கத்திலேயே நின்றார். "கண்ணு பட்டுடுச்சு தம்பி. என் பெரிய மச்சான் கண்ணு."

மறுபடியும் அரியலூர். கிளம்பும்முன் ஈரத்துணியால் சந்தனத்தைத் துடைத்தேன்; மெக்கானிக் சிரிப்பார் என்ற வெட்கம். வெளியே இருந்தது துணியோடு வந்தது. மீதி இடுக்கில் இன்னும் ஆழமாகப் போயிருக்க வேண்டும். பெட்டி என் மடியில், பெரியவர் என் பக்கத்தில்.

"கடைக்குக் கொண்டுபோயி என்னண்ணே பண்ணீங்க?" என்றார் மெக்கானிக் மறுபடியும்.

"ஒண்ணும் பண்ணலைங்க."

பெரியவர் மேலே சுற்றிய மின்விசிறியை உற்றுப் பார்த்தார்.

மெக்கானிக் புதிய பாகத்தைச் சோதித்தார், வேறொன்றை மாட்டினார், தலையைச் சொறிந்தார். கடைசியில் பட்டனிலிருந்து வரும் வயரைப் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தை ஸ்க்ரூ டிரைவர் முனையால் தொட்டார். கம்ப்யூட்டர் ஒன்றுமே நடக்காததுபோல ஓடியது.

"பட்டன்தாண்ணே. உள்ள போயி ஒட்டிக்கிட்டு வெளிய வரல." ஊசியால் சுரண்டி மோந்து பார்த்தார். "என்னண்ணே, பெட்டி மணக்குது?"

நான் தரையைப் பார்த்தேன். பெரியவர்தான் சொன்னார். "சந்தனம் தம்பி. நான்தான் வெச்சேன்."

மெக்கானிக் சிரித்தபடி தன்னுடைய கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். அதிலும் சந்தனம், குங்குமம். "நானும் வெப்பேங்கய்யா. முதுகுல வெப்பேன்."

பத்திரிகையைத் திறந்தேன். பெரியவர் ஒவ்வொரு பெயராக விரல் வைத்து, உதடு அசைய வாசித்தார். தம்பிகள், மச்சான்கள், எல்லாரும் ஒத்துக்கொண்ட இடத்திலேயே இருந்தார்கள். பெருமூச்சு விட்டார். ஆத்தா கைவிடவில்லை என்றார். பிறகு என் காதருகே குனிந்தார்.

"தம்பி, இப்ப எங்க ஆளுங்க யாரும் இங்க இல்லல்ல. என் சின்னத் தம்பிய ஒரே ஒரு வரி மேல ஏத்திடுங்களேன். யாருக்குத் தெரியப்போவுது?"

அவர் மகள் கல்யாணம் நிற்குமா நடக்குமா என்பது அந்த ஒரு வரியில்தான் இருந்தது. என் வாழ்க்கையில் நான் மறுத்துப் பேசியது மிகக் குறைவு. அன்று பேசினேன்.

"வேணாங்க. இப்பதான் சரியாயிருக்கு. பேர அசைச்சா மறுபடி நின்னுடும்."

மெக்கானிக் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பெரியவரையும் பார்த்தார். "ஆமாங்கய்யா, அசைக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு, மூடியைத் திருகக் குனிந்துகொண்டார்.

பெரியவர் சூடு பட்டதுபோலத் திரையிலிருந்து விரலை எடுத்தார். எடுத்த கையோடு அதைக் கும்பிட்டார்.

பத்திரிகையைப் பென் டிரைவில் ஏற்றினேன். அதைத் தானே பிரஸ்ஸில் கொடுத்துவிடுவதாகப் பெரியவர் சொன்னார். பரவாயில்லைங்க என்று நானே கொண்டுபோனேன்.